பிரிட்டனில் வாடகை பாக்கி விழுந்துவிட்டதா? பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கான முழு வழிகாட்டி

பிரிட்டனில் வாடகை பாக்கி விழுந்ததும் நம் ஆட்கள் பலர் முதலில் செய்வது கடன் வாங்குவது. சீட்டை முன்கூட்டியே எடுப்பார்கள், நகையை அடகு வைப்பார்கள், மச்சானிடம் கேட்பார்கள், மிச்சத்தைக் கிரெடிட் கார்டில் போடுவார்கள். கவுன்சிலிடம் (உள்ளாட்சி நிர்வாகம்) பேசுவதும், யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) கணக்கைச் சரிபார்ப்பதும் கடைசியில்தான், பெரும்பாலும் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகுதான் நடக்கிறது. அதற்குள் பாக்கியோடு வட்டியும் சேர்ந்துவிடுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்: முதலில் உங்களுக்கு வர வேண்டியது முழுதாக வருகிறதா என்று பாருங்கள், அப்புறம் கவுன்சிலிடம் கேளுங்கள், கடனைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்குப் பொருந்தும். யுனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படை விதிகள் பிரிட்டன் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் வீட்டுச் சட்டம் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் வேறு. தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் அவை மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை அதேதான்.

எல்லாவற்றுக்கும் முன்: விசா

உங்கள் இ-விசாவில் ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரசு உதவித்தொகைகளைக் கோரக் கூடாது) என்ற நிபந்தனை இருந்தால் யுனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை), கவுன்சில் வரிக் குறைப்பு, கவுன்சில் வீடு எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். மாணவர் விசா, ஸ்கில்டு வொர்க்கர் விசா, கேர் வேலைக்கு வந்தவர்கள், அவர்களுடைய துணைவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இந்த நிபந்தனை இருக்கும். தெரியாமல் வாங்கினாலும் பின்னால் விசா நீட்டிப்பில் சிக்கல் வரும். கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் உரிமை இருந்தால், அவர் தன் பெயரில் கோர வழி உண்டு. ஆனால் குடிவரவு ஆலோசகரிடம் கேட்காமல் அந்த விண்ணப்பத்தைத் தொட வேண்டாம்.

அதற்காக இந்தக் குடும்பங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. வாடகைதாரருக்கான சட்டப் பாதுகாப்பு விசாவைப் பார்த்து வருவதில்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது என்பது இவர்களுக்கும் பொருந்தும். வருமானம் குறைவாக இருந்தால் பள்ளியில் இலவச மதிய உணவு கேட்கலாம், அது பப்ளிக் ஃபண்ட் கணக்கில் வராது. பிள்ளைகளோடு சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வழியில்லாத நிலை வந்தால், 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 17-ஆம் பிரிவின் கீழ் கவுன்சிலின் சமூகநலப் பிரிவு உதவ முடியும். குடும்ப வாழ்க்கை அடிப்படையில் விசா பெற்றவர்கள், நெருக்கடியைக் காட்டி, இந்த நிபந்தனையையே நீக்கச் சொல்லி உள்துறை அலுவலகத்திடம் விண்ணப்பிக்கவும் முடியும்.

படி 1: பாக்கி உண்மையில் எவ்வளவு?

வீட்டுக்காரரிடமோ ஹவுசிங் அசோசியேஷனிடமோ (லாப நோக்கமில்லாமல் வீடுகளை வாடகைக்கு விடும் அமைப்பு) வாடகைக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு விழுந்தது என்பது தெரிந்தால்தான் காரணம் தெரியும். வேலை போன மாதமா, ஊருக்குப் போன மாதமா, யுனிவர்சல் கிரெடிட் குறைந்து வந்த மாதமா? காரணத்தைப் பொறுத்துத்தான் அடுத்த படி அமையும்.

வார வாடகை கட்டுபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. வாரம் 300 பவுண்ட் என்றால் மாதம் 1,200 என்று மனக்கணக்குப் போட்டு அதையே கட்டிக்கொண்டிருப்பார்கள். வருஷத்துக்கு 52 வாரம். சரியான மாத வாடகை 1,300. ஒரு வருஷத்தில் 1,200 பவுண்ட் பாக்கி யாருக்கும் தெரியாமல் சேர்ந்துவிடும்.

நம்மவர் வீட்டில் நம்மவரே குடியிருக்கும்போது இன்னொரு சிக்கல். ஒப்பந்தம் வாய்ப்பேச்சு, வாடகை கையில் காசு, ரசீது கிடையாது. யுனிவர்சல் கிரெடிட்டில் வீட்டு வாடகைப் பங்கு (வாடகைக்கென்று சேர்த்துத் தரும் தொகை) கேட்கும்போது ஆதாரம் கேட்பார்கள். எழுதிய ஒப்பந்தம் இல்லாவிட்டால் வாடகை, முகவரி, குடியிருக்கத் தொடங்கிய தேதி எல்லாம் உள்ள கடிதம் ஒன்றை வீட்டுக்காரரிடம் வாங்குங்கள். இன்றிலிருந்து வாடகையை வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள். இதற்கு வீட்டுக்காரர் முகம் சுளித்தால் அது அவருடைய வருமான வரிக் கவலையாக இருக்கலாம்; அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

படி 2: எழுத்தில் பேசுங்கள், முடிந்ததைக் கட்டுங்கள்

பாக்கி இருக்கிறது என்று வெட்கப்பட்டு போனை எடுக்காமல் இருப்பதுதான் மோசமான வழி. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ இப்படி எழுதலாம்: ‘நடப்பு வாடகையை இந்த மாதத்திலிருந்து முழுதாகக் கட்டுகிறேன். பாக்கிக்கு மாதம் இவ்வளவு சேர்த்துத் தருகிறேன். யுனிவர்சல் கிரெடிட்டில் விண்ணப்பித்திருக்கிறேன்.’ முடியாத தொகையைச் சொல்லிவிட்டு இரண்டாவது மாதமே தவறுவதைவிட, 20 பவுண்ட் என்று சொல்லி விடாமல் கட்டுவது நீதிமன்றத்தில் உங்களுக்கு அதிகம் உதவும்.

நடப்பு வாடகை, கவுன்சில் வரி, மின்சாரம், எரிவாயு இவைதான் முதலில் கட்ட வேண்டிய கடன்கள். கிரெடிட் கார்டுக்காரர்கள் ஓயாமல் போன் செய்வார்கள், வீட்டுக்காரர் தெரிந்தவர் என்பதால் பேசாமல் இருப்பார். சத்தம் போடுபவருக்கே பணம் போகிறது. கார்டு கட்டாவிட்டால் கடன் வரலாறு கெடும், கடிதங்கள் வரும். வாடகை கட்டாவிட்டால் வீடு போகும்.

படி 3: யுனிவர்சல் கிரெடிட் கணக்கை வரி வரியாகப் பாருங்கள்

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் ஒழுகும் ஓட்டைகள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன.

கணக்கு இப்படிப் போகும். 25 வயதுக்கு மேற்பட்ட தம்பதிக்கு அடிப்படைத் தொகை மாதம் 628.10 பவுண்ட், தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு 400.14. பிள்ளை ஒன்றுக்கு 292.81 (மூத்த பிள்ளை 2017 ஏப்ரல் 6-க்கு முன் பிறந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு 339). அதோடு வாடகைப் பங்கு. பிள்ளை உள்ள குடும்பம், வாடகைப் பங்கும் பெறுகிறது என்றால், கைக்கு வரும் சம்பளத்தில் முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள்.

ஒரு தம்பதி, 2017-க்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகள், வாடகைப் பங்கு 1,200 பவுண்ட், கைக்கு வரும் சம்பளம் 1,600 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,413.72. சம்பளத்துக்காகக் குறைவது 653.95. கைக்கு வருவது 1,759.77. இதற்கு வெளியே சைல்ட் பெனிஃபிட் தனியாக வாரம் 26.05 மூத்ததுக்கு, 17.25 அடுத்ததுக்கு. வேலை இருப்பதால் நமக்கு எதுவும் கிடைக்காது என்று நினைக்கும் குடும்பங்கள் நிறைய இருப்பதால்தான் இந்தக் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். சம்பளம் வாங்கும் குடும்பம்தான் இது.

இனி அதே குடும்பத்துக்குச் சம்பளம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அசெஸ்மென்ட் பீரியட் எனப்படும் கணக்கு மாதம் ஒன்றில், வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு சம்பளம் விழும். அந்த மாதம் சம்பளம் 3,200 என்று கணக்காகி யுனிவர்சல் கிரெடிட் 879.77-க்கு இறங்கும். ஒரே அடியாக 880 பவுண்ட் குறைவு. வாடகை பாக்கியின் தொடக்கம் பல வீடுகளில் இந்த மாதம்தான். அந்த இரண்டாவது சம்பளத்தை உடனே வாடகைக்கு ஒதுக்கிவிடுவது தவிர இதற்கு வழியில்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: வங்கி விடுமுறையால் சம்பளம் முன்கூட்டி வந்து ஒரே கணக்கு மாதத்தில் இரண்டு விழுந்தால், ஒன்றை அடுத்த மாதத்துக்கு மாற்றச் சொல்லி ஜர்னலில் (இணையத்தில் உங்கள் யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் உள்ள செய்திப் பகுதி) எழுதலாம். 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு வந்த உரிமை இது. நான்கு தாய்மார்கள் போட்ட வழக்கு.

அடுத்து வாடகைப் பங்கு. தனியார் வீட்டில் இருப்பவருக்கு முழு வாடகை வராது. லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்ற உச்சவரம்பு வரைதான் வரும். அந்தப் பகுதியின் வாடகைகளை மலிவிலிருந்து வரிசையாக வைத்தால் 30 சதவீத இடத்தில் நிற்பது எதுவோ அதுதான் வரம்பு என்பது கணக்கு. ஆனால் 2024 ஏப்ரலில் உயர்த்தியதோடு அப்படியே உறைய வைத்துவிட்டார்கள். வாடகை ஏறிக்கொண்டே போக, வித்தியாசம் உங்கள் சமையல் காசிலிருந்து போகிறது. என் பார்வையில், குழந்தை வறுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லும் அரசின் பேச்சில் பெரிய ஓட்டை இதுதான்.

அறை எண்ணிக்கையில் கவனம் தேவை. 10 வயதுக்குக் கீழே ஆணும் பெண்ணும் ஒரே அறை என்று கணக்கு. ஒரே பாலினம் என்றால் 16 வயது வரை ஒரே அறை. மகனுக்கோ மகளுக்கோ 10 வயது ஆன உடன் கூடுதல் அறைக்கு உரிமை வந்திருக்கலாம். வாடகைப் பங்கு கூடியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஜர்னலில் கேளுங்கள். கவுன்சில் அல்லது ஹவுசிங் அசோசியேஷன் வீடு என்றால் எதிர்ப்பக்கம்: ஓர் அறை கூடுதலாக இருந்தால் வாடகையில் 14 சதவீதம், இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 25 சதவீதம் வெட்டுவார்கள்.

படித்து முடித்த மகன் 21 வயதுக்கு மேல் வீட்டோடு இருந்தால், அவன் பங்கு என்று மாதம் சுமார் 93 பவுண்டை உங்கள் வாடகைப் பங்கிலிருந்து கழிப்பார்கள், அவன் ஒரு பென்ஸ் தராவிட்டாலும். சம்பாதிக்கும் பிள்ளையிடம் காசு கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அரசு கேட்டு எடுத்துக்கொண்டதை நீங்கள் அவனிடம் கேட்பதில் தப்பில்லை.

நெருங்கிய உறவினர் வீட்டில் அவரோடு சேர்ந்து குடியிருந்து அவருக்கே வாடகை கொடுத்தால் வாடகைப் பங்கு கிடைக்காது. உறவினர் வேறு வீட்டில் இருந்து, உங்களுக்குத் தனி வீட்டை உண்மையான வாடகைக்கு விட்டிருந்தால் கிடைக்கலாம், கேள்விகள் வரும்.

குழந்தைப் பராமரிப்புக் கட்டணத்தில் 85 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88 வரை, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 1,768.94 வரை. வேலைக்குப் போகும் பெற்றோர் மட்டும் கேட்கலாம். வேலை தொடங்கும்போது முதல் மாதக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட முடியாவிட்டால் வொர்க் கோச்சிடம் (உங்கள் யுனிவர்சல் கிரெடிட்டைக் கவனிக்கும் அதிகாரி) முன்பணம் கேட்க உரிமை இருக்கிறது. அவர்களாகச் சொல்லாமல் விடுவது உண்டு, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கவுன்சில் வரிக் குறைப்பு யுனிவர்சல் கிரெடிட்டுக்குள் இல்லை. அதற்கு உங்கள் கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். யுனிவர்சல் கிரெடிட் கிடைத்ததும் தானாகக் குறைந்துவிடும் என்று நம்பி, ஒரு வருஷம் கழித்து வரி பாக்கிக் கடிதத்தோடு வருபவர்கள் இருக்கிறார்கள். சைல்ட் பெனிஃபிட்டும் தனி விண்ணப்பம்தான், வரித்துறையிடம். மூன்று மாதம் வரைதான் பின்தேதியிட்டுத் தருவார்கள்.

ஊரில் காணி இருந்தால்

இதைப் பலர் கேட்கத் தயங்குகிறார்கள், சொல்லவும் தயங்குகிறார்கள். யுனிவர்சல் கிரெடிட்டில் சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் போனால் ஒன்றும் கிடையாது, 6,000-க்கு மேல் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். யாழ்ப்பாணத்தில் உங்கள் பெயரில் உள்ள காணி, சென்னையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட், வங்கியில் உள்ள நிலையான வைப்பு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ‘வெளிநாட்டில்தானே இருக்கிறது’ என்பது பதில் ஆகாது. கூட்டாக உங்கள் பெயரும் இருந்தால், உங்கள் பங்கின் மதிப்பு எவ்வளவு என்று நலச் சட்டம் தெரிந்த ஆலோசகரிடம் பார்த்துக்கொண்டு அறிவியுங்கள். மறைத்தால், பிடிபடும்போது பல வருஷப் பணத்தையும் திரும்பக் கேட்பார்கள்.

ஊர்ப் பயணத்துக்கும் கணக்கு உண்டு. வெளிநாட்டில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் யுனிவர்சல் கிரெடிட் நின்றுவிடும். நெருங்கிய உறவினர் இறந்து திரும்ப முடியாத நிலை என்றால் இன்னொரு மாதம் நீட்டலாம். கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஊருக்குப் போய்வந்து, வந்ததும் வாடகை இல்லாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. டிக்கெட் போடும் முன்பே நாட்களை எண்ணுங்கள், கிளம்பும் முன் ஜர்னலில் எழுதுங்கள்.

படி 4: புதிதாக விண்ணப்பிக்கிறீர்களா?

முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும்: ஒரு மாதம் கணக்குக்கு, ஏழு நாள் வரை பணம் வர. அதனால் வேலை போன அன்றே, கடைசிச் சம்பளம் கையில் இருக்கும்போதே, எந்தத் தேதியில் விண்ணப்பிப்பது என்று யோசிக்க வேண்டும். பெரிய கடைசிச் சம்பளம் முதல் கணக்கு மாதத்துக்குள் விழுந்தால் முதல் பணம் குறையும். வேலை முடிந்து சம்பளம் வந்த மறுநாள் விண்ணப்பித்தால் அந்தச் சம்பளம் கணக்கில் வராது. ஆனால் வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், தாமதித்த நாட்களுக்குப் பணம் பெரும்பாலும் கிடைக்காது.

இடையில் முன்பணம் கேட்கலாம், முதல் மாதத் தொகை முழுவதும் வரை. வட்டி இல்லை, 24 மாதங்களில் கழிப்பார்கள். முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். என் கருத்து வேறு: வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தேவையானதை மட்டும் எடுங்கள். அடுத்த இரண்டு வருஷம் ஒவ்வொரு மாதமும் அது குறைந்து வரும்.

யுனிவர்சல் கிரெடிட் இலவச எண் 0800 328 5644. அழைத்ததும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அவர்களே ஏற்பாடு செய்வார்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கடன் விவரம் தெரிய வேண்டியதில்லை.

படி 5: பெனிஃபிட் கேப், இரண்டு பிள்ளை வரம்பு

இந்த இரண்டையும் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். அரசு எதை நீக்கியது, எதை விட்டுவைத்தது என்பது தெரிந்தால்தான் உங்கள் பாக்கி தீருமா என்பது தெரியும்.

1999-இல் டோனி பிளேர், ஒரு தலைமுறைக்குள் குழந்தை வறுமையை ஒழிப்போம் என்று அறிவித்தார். 2010-இல் அதற்கான இலக்குகளைச் சட்டமாகவே எழுதினார்கள். 2016-இல் அடுத்து வந்த அரசு அந்த இலக்குகளை நீக்கியது. 2017 ஏப்ரலில் இரண்டு பிள்ளை வரம்பு வந்தது: அந்த மாதம் 6-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு அடுத்தவர்களுக்கும் பணம் இல்லை என்று ஆனது. வீட்டுச் செலவு போக வறுமையில் இருக்கும் குழந்தைகள் 2023-24-இல் 45 லட்சம் பேர். 2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், 2026 ஏப்ரல் முதல் இந்த வரம்பு நீக்கப்படும் என்று அறிவித்தார். டிசம்பரில் குழந்தை வறுமைக்கான அரசுத் திட்டமும் வெளியானது.

மூன்றாவது, நான்காவது பிள்ளை இருப்பவர்கள், எல்லாப் பிள்ளைகளும் யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் பதிவாகியிருக்கிறார்களா என்று பாருங்கள். எப்படியும் பணம் வராது என்று பதிவே செய்யாமல் விட்டிருந்தால் உடனே பதியுங்கள்.

பெனிஃபிட் கேப் அப்படியே இருக்கிறது. வேலையில்லாத அல்லது மிகக் குறைவாகச் சம்பாதிக்கும் குடும்பம், எல்லா உதவியும் சேர்த்து வருஷத்துக்கு லண்டனில் 25,323 பவுண்டுக்கு மேலும், லண்டனுக்கு வெளியே 22,020-க்கு மேலும் பெற முடியாது. லண்டனில் வேலையில்லாத தம்பதி, 2017-க்குப் பின் பிறந்த மூன்று பிள்ளைகள் என்று வைத்து, மூன்றாவது பிள்ளைக்கும் பணம் உண்டு என்று 2025-26 விகிதத்தில் கணக்குப் போட்டால், அடிப்படை, பிள்ளைகளுக்கான தொகை, சைல்ட் பெனிஃபிட் மூன்றும் சேர்ந்து மாதம் சுமார் 1,769. கேப் மாதத்துக்கு 2,110. வாடகைக்கு மிஞ்சுவது 341 பவுண்ட். லண்டனில் அதற்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. அதாவது ஒரு கையால் கொடுத்த மூன்றாவது பிள்ளைப் பணத்தை மறு கையால் கேப் எடுத்துக்கொள்கிறது.

கேப்பிலிருந்து வெளியேற வழிகள் இருக்கின்றன. தம்பதியின் சம்பளம் சேர்த்து, கைக்கு மாதம் 846 பவுண்ட் வந்தால் கேப் இல்லை. ஏறக்குறைய வாரம் 16 மணி நேரம் குறைந்தபட்சக் கூலியில் வேலை செய்வது. வீட்டில் யாராவது பி.ஐ.பி. (உடல்நலக் குறைவோ ஊனமோ உள்ள பெரியவர்களுக்கான உதவித்தொகை) பெற்றாலும், பிள்ளைக்கு டி.எல்.ஏ. (மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான உதவித்தொகை) கிடைத்தாலும், மாற்றுத்திறனாளி ஒருவரைப் பார்த்துக்கொள்வதற்கான கேரர் தொகை கிடைத்தாலும் கேப் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு டி.எல்.ஏ. கேட்காமல் ‘வெளியில் தெரிந்துவிடும்’ என்று இருக்கும் பெற்றோர், தாங்கள் இழப்பது டி.எல்.ஏ. பணம் மட்டுமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை இழப்பதற்கு முன் தொடர்ந்து 12 மாதம் போதுமான சம்பளம் வாங்கியிருந்தால் ஒன்பது மாதம் கேப் தள்ளிவைக்கப்படும்.

இலவசப் பள்ளி உணவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். யுனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பங்களில் கைக்கு வரும் சம்பளம் வருஷம் 7,400 பவுண்டுக்குக் கீழே என்றால்தான் என்ற விதி, 2026 செப்டம்பர் முதல் எடுக்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட் இருந்தாலே போதும். லண்டனில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் 2023 செப்டம்பரிலிருந்தே மேயரின் திட்டத்தில் கிடைக்கிறது. மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

படி 6: கவுன்சிலின் நிதி

யுனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பங்கு பெற்றும் வாடகைக்குப் போதவில்லை என்றால் கவுன்சிலிடம் கேட்க ஒரு தனி நிதி இருக்கிறது. டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட் என்று பல வருஷம் இருந்தது. இங்கிலாந்தில் 2026 ஏப்ரலிலிருந்து அதையும் ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்டையும் (நெருக்கடியில் உள்ள குடும்பங்களுக்குக் கவுன்சில் வழியாகத் தந்த உதவி நிதி) சேர்த்து க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்று மாற்றுகிறார்கள். பெயர் எதுவானாலும் கவுன்சில் இணையதளத்தில் வாடகை உதவி என்று தேடுங்கள். கேப்பால் குறைந்தவர்கள், லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் போதாதவர்கள், பாக்கியால் வீடு போகும் நிலையில் இருப்பவர்கள் எல்லாரும் கேட்கலாம்.

இது உரிமை அல்ல, கவுன்சிலின் விருப்பம். அதனால் விண்ணப்பத்தை எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. வரவு செலவை நேர்மையாக எழுதுங்கள். பிள்ளையின் பள்ளி, மருத்துவமனை, வேலைக்குப் போகும் தூரம் இவற்றால் ஏன் இதே பகுதியில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். ஊருக்கு மாதம் அனுப்பும் பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதினால் அதிகாரி அதை அவசியச் செலவாகப் பார்ப்பது கடினம். இங்கே வாடகை கட்ட முடியாதபோது அங்கே அனுப்புவதைச் சில மாதம் குறைக்க முடியுமா என்று வீட்டில் பேச வேண்டியிருக்கும், அந்தப் பேச்சு எவ்வளவு கசந்தாலும். மறுத்தால் மறுபரிசீலனை கேளுங்கள்.

படி 7: வாடகையை நேரடியாக அனுப்பச் சொல்லுதல்

கையில் பணம் வந்ததும் வேறு செலவுக்குப் போய்விடுகிறது என்றாலோ, வீட்டில் ஒருவர் பணத்தை விரயம் செய்கிறார் என்றாலோ, வாடகைப் பங்கை வீட்டுக்காரருக்கே நேராக அனுப்பச் சொல்லி ஜர்னலில் கேட்கலாம். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்தால் வீட்டுக்காரரும் கேட்கலாம். பாக்கியையும் உங்கள் பணத்திலிருந்து மாதாமாதம் பிடித்துத் தரச் சொல்வார்கள். அடிப்படைத் தொகையில் 10 சதவீதத்தில் தொடங்கும். கடன்களுக்காகப் பிடிப்பதன் பொதுவான உச்சவரம்பு 2025 ஏப்ரல் 30-இல் 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. வாடகை, மின்சாரம் போன்றவற்றுக்கு வரம்பைத் தாண்டியும் பிடிக்கலாம் என்பதால், தாங்கவில்லை என்றால் போன் செய்து குறைக்கக் கேளுங்கள்.

படி 8: மூச்சுவிட 60 நாள்

வாடகை மட்டுமல்ல, கார்டு, கவுன்சில் வரி, தனியார் கடன் எல்லாம் சேர்ந்து நெருக்கினால் ப்ரீதிங் ஸ்பேஸ் திட்டத்தைக் கேளுங்கள். 2021 மே மாதத்திலிருந்து இருக்கிறது. 60 நாட்களுக்குக் கடன்காரர்கள் வட்டி சேர்க்கவோ வசூல் நடவடிக்கை எடுக்கவோ முடியாது, வாடகை பாக்கிக்கும் பொருந்தும். நடப்பு வாடகையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்களே விண்ணப்பிக்க முடியாது. கடன் ஆலோசகர் வழியாகத்தான். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன் (0808 808 4000), சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றும் இலவசம். கட்டணம் கேட்கும் ‘கடன் தீர்வு’ விளம்பரங்களிடம் போகாதீர்கள்.

படி 9: நோட்டீஸ் வந்துவிட்டால்

நோட்டீஸ் வந்த அன்றே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. நோட்டீஸ், பிறகு நீதிமன்றம், பிறகு உத்தரவு, அப்புறம்தான் பெய்லிஃப் (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்ற வரும் அதிகாரி). இடையில் பல மாதங்கள் இருக்கின்றன.

2025-இன் வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் தனியார் வாடகை வீடுகளில் காரணம் சொல்லாமல் வெளியேற்றும் 21-ஆம் பிரிவு நோட்டீஸ் கிடையாது. பாக்கியைக் காரணம் காட்டி நீதிபதி கட்டாயம் உத்தரவு போட வேண்டிய நிலை, முன்பு இரண்டு மாதப் பாக்கிக்கு வந்தது. இனி மூன்று மாதப் பாக்கி வேண்டும். நோட்டீஸ் காலமும் இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரமாகிறது. இன்னொன்று, நம் குடும்பங்களுக்கு மிக முக்கியம்: உங்களுக்கு வர வேண்டிய யுனிவர்சல் கிரெடிட் வாடகைப் பங்கு இன்னும் வராததால் ஏற்பட்ட பாக்கியை அந்த மூன்று மாதக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆகவே விண்ணப்பித்த தேதி, ஜர்னல் செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பாக்கி நோட்டீஸ் அன்றும் விசாரணை அன்றும் மூன்று மாதம் இருக்க வேண்டும். விசாரணைக்கு முன் அதற்குக் கீழே இறக்கிவிட்டால் கட்டாய உத்தரவு கிடையாது. அப்போது நீதிபதி நியாயம் பார்த்து முடிவு செய்யலாம், நடப்பு வாடகையோடு சிறு தொகை சேர்த்துக் கட்டும்வரை வீட்டில் இருக்கலாம் என்று உத்தரவை நிறுத்தியும் வைக்கலாம். கடன் வாங்குவதற்கு ஏதாவது நேரம் இருக்கிறது என்றால் இதுதான்.

நோட்டீஸ் கையில் கிடைத்ததும் இலவச வழக்கறிஞர் உதவி இருக்கிறது: ஹவுசிங் லாஸ் ப்ரிவென்ஷன் அட்வைஸ் சர்வீஸ். வருமானம் பார்ப்பதில்லை. நீதிமன்ற நாளன்று வளாகத்திலேயே டியூட்டி வழக்கறிஞர் இருப்பார். நீதிமன்றக் கடிதத்தோடு வரும் என்11ஆர் பதில் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். போகாத வழக்குகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கவுன்சில் அல்லது ஹவுசிங் அசோசியேஷன் வீடு என்றால், நீதிமன்றம் போகும் முன் அவர்கள் உங்களோடு பேச வேண்டும், பெனிஃபிட் விண்ணப்பத்துக்கு உதவ வேண்டும் என்று ஒரு நடைமுறை நெறி இருக்கிறது. அவர்கள் அதைச் செய்யவில்லை என்றால் நீதிபதியிடம் சொல்லுங்கள்.

படி 10: வீடு போகும் நிலை

56 நாளுக்குள் வீடிழக்கும் நிலை இருந்தால் உங்கள் விண்ணப்பத்தை ஏற்று, வீடிழப்பதைத் தடுக்க உதவும் கடமை கவுன்சிலுக்கு உண்டு. பிள்ளைகள் உள்ள குடும்பம் முன்னுரிமைப் பட்டியலில் வரும். நீதிமன்ற உத்தரவுக்கு முன், வீட்டுக்காரர் வருத்தப்படுவார் என்று நீங்களாகச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று கவுன்சில் முடிவு செய்யும் ஆபத்து இருக்கிறது. ஆகவே சாவியைக் கொடுக்கும் முன் வீட்டுப் பிரச்சினைகளுக்கு இலவச ஆலோசனை தரும் ஷெல்டர் தொண்டு அமைப்பை (0808 800 4444) அழைத்துக் கேளுங்கள். தற்காலிகமாக பெட் அண்ட் பிரேக்ஃபஸ்டில் வைத்தால், பிள்ளைகள் உள்ள குடும்பத்தை ஆறு வாரத்துக்கு மேல் அங்கே வைக்கக் கூடாது.

வீட்டுக்காரர் பூட்டை மாற்றினாலோ, சாமானை வெளியே வைத்தாலோ அது 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கவுன்சிலின் வாடகைதாரர் பிரிவையும் போலீசையும் அழையுங்கள். ஆனால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்து, சமையலறையையோ குளியலறையையோ அவரோடு பகிர்ந்துகொண்டு ஓர் அறையில் மட்டும் இருக்கிறீர்கள் என்றால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி உங்களுக்கு இல்லை. நியாயமான அவகாசம் கொடுத்து, நீதிமன்றம் போகாமலே வெளியேறச் சொல்லலாம். அப்படி இருப்பவர்கள் மூன்று மாதப் பாக்கியை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், முதல் மாதம் தவறும்போதே படி 3-ஐயும் படி 6-ஐயும் ஒரே வாரத்தில் முடித்துவிட வேண்டும்.